ஃப்ரெனெல் லென்ஸில் வார்த்த படிகளும் மணி தள்ளும் பாக்டீரியாக்களும்

விஷயம் இதுதான். 2, 5, 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மணிகள் கலந்த ஒரு சொட்டு, அதற்குள் நீந்துகிற ஈ. கோலை பாக்டீரியாக்கள், அடியில் ரம்பப் பல் வடிவத்தில் ஒரு பக்கம் மெல்லிய சரிவும் மறுபக்கம் செங்குத்துமாக இருக்கிற சிலிகோன் தரை. பம்ப் கிடையாது, மின்புலம் கிடையாது, காந்தம் கிடையாது. ஆனாலும் 5 மைக்ரான் மணி ஒரே திசையில் படி படியாகத் தாண்டிப் போகிறது, 2 மைக்ரான் மணி எங்கும் பரவிக் கிடக்கிறது, 10 மைக்ரான் மணி படியடியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. இதை எப்படிச் செய்தேன், எங்கெல்லாம் கை கடித்தது என்பதற்கான பதிவு இது.

யோசனை என்னுடையது இல்லை. பாக்டீரியா நிறைந்த திரவத்தில் மணியைப் போட்டால் அது சாதாரண பிரௌனிய இயக்கத்தைவிட, அதாவது வெப்பத்தால் தானாக வரும் நடுக்கத்தைவிட, பல மடங்கு வேகமாக அலைகிறது என்பதை இயற்பியலாளர்கள் வூ, லிப்ஷாபர் இருவரும் 2000இல் சோப்புப் படலத்தில் அளந்து காட்டினார்கள். 2010இல் அரான்சனின் குழு, சாய்ந்த பற்கள் கொண்ட 380 மைக்ரான் விட்டப் பற்சக்கரத்தைப் பேசில்லஸ் சப்டிலிஸ் கூட்டத்தை வைத்தே சுழல வைத்தது. ரோமில் ராபர்ட்டோ டி லியோனார்டோவின் குழு 2013இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு பக்கம் சாய்வு, மறுபக்கம் செங்குத்து என்று நுண் தடுப்புகள் கட்டி, மணிகளை வேண்டிய இடத்தில் குவித்தும் வேண்டாத இடத்திலிருந்து காலி செய்தும் காட்டியது. அவர்கள் அந்தத் தடுப்புகளை லேசரால் ஒவ்வொரு புள்ளியாக இறுகவைத்துக் கட்டினார்கள். அந்த மாதிரி இயந்திரம் என் கைக்கு எட்டாது. சரிவும் செங்குத்தும் கலந்த நுண் படிகள் வேறு எதில் ஏற்கெனவே இருக்கின்றன என்று தேடியபோது கிடைத்ததுதான் ஃப்ரெனெல் லென்ஸ்.

தட்டையான பிளாஸ்டிக் உருப்பெருக்கியை எடுத்து விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள், வட்ட வட்டமாக வரிகள் தெரியும். ஒவ்வொரு வரியும் ஒரு சின்னச் சரிவு, அது முடிகிற இடத்தில் ஒரு செங்குத்துப் படி. மையத்தில் சரிவு கிட்டத்தட்ட இல்லை, விளிம்பை நோக்கிப் போகப் போகக் கூடுகிறது. நான் பயன்படுத்தியது 200 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள அக்ரிலிக் லென்ஸ், வரிக்கு வரி 0.1 மில்லிமீட்டர். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49 என்பதால், மையத்திலிருந்து உள்ள தூரத்தை 98 மில்லிமீட்டரால் வகுத்தால் அந்த இடத்தின் சரிவு கிடைத்துவிடும். அதை 100 மைக்ரான் வரி அகலத்தால் பெருக்கினால் படியின் உயரம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அழகான ஒரு விஷயம் வருகிறது: மையத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டரோ, ஏறத்தாழ அத்தனை மைக்ரான் உயரத்துக்குப் படி. 4 மில்லிமீட்டரில் 4 மைக்ரான், 10 மில்லிமீட்டரில் 10 மைக்ரான். ஒரே லென்ஸில் எல்லா அளவுப் படியும் வரிசையாக இருக்கிறது, தனித்தனியாக அச்சு செய்யத் தேவையே இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் வேறு. லென்ஸின் முகத்தை மேலே பார்க்கும்படி வைத்தால் சரிவுகள் மையத்தை நோக்கி ஏறும். அதன்மேல் சிலிகோனை ஊற்றி எடுக்கிற வார்ப்பில் எல்லாம் தலைகீழ், சரிவுகள் வெளிப்பக்கமாக ஏறும். சரிவில் ஏறி உச்சியைத் தாண்டி விழுந்த மணி செங்குத்தில் திரும்ப ஏற முடியாது. அதனால் முதல் வார்ப்பு மணிகளை வெளியே தள்ள வேண்டும், அந்த வார்ப்பிலிருந்து எடுத்த மறுவார்ப்பு உள்ளே தள்ள வேண்டும். ஆவியாதலால் வரும் நீரோட்டமோ மேசைச் சாய்வோ மணியை நகர்த்துகிறது என்றால் அதற்கு எந்த வார்ப்பு என்று தெரியாது, இரண்டிலும் ஒரே திசையில்தான் நகர்த்தும். கூடவே வரிகள் வட்டமாக இருப்பதால், சாய்வு எல்லா மணியையும் ஒரு பக்கமாகக் கொண்டுபோகும், படி மட்டும்தான் மையத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாக வேலை செய்யும். இப்படிப்பட்ட சோதனைகளில் பாதி நேரம் சந்தேகத்திலேயே போகும், வடிவமே சந்தேகத்தைத் தீர்த்துவைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்.

பலரும் கேட்கிற ஒரு கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். சாய்வான பக்கம் ஏறுவது எளிது, செங்குத்துப் பக்கம் ஏறுவது கடினம், அப்படியானால் பாக்டீரியாவே இல்லாமல் பிரௌனிய அசைவை வைத்தே மணி ஒரு பக்கமாகப் போகாதா? போகாது. எல்லாம் ஒரே வெப்பநிலையில் சமநிலையில் இருந்தால், வடிவத்தில் எவ்வளவு கோணல் இருந்தாலும் நிகர நகர்வு வராது. இயற்பியலாளர் ஸ்மொலுகோவ்ஸ்கி 1912இலேயே இதைச் சொல்லிவிட்டார், பிறகு ஃபெய்ன்மன் அதைப் பிரபலமாக்கினார். பாக்டீரியா உணவை எரித்துத் தள்ளுகிறது, அந்தத் தள்ளல் சமநிலையில் இல்லாத தள்ளல். அது இருந்தால்தான் வடிவத்தின் கோணல் ஒரு திசையாக மாறும். பாக்டீரியாவுக்கு மணி எங்கே போக வேண்டும் என்று எந்த அக்கறையும் கிடையாது. ‘பாக்டீரியா ரோபோ’ என்று தலைப்புப் போட்டு எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் வார்ப்பு.

பி.டி.எம்.எஸ். சிலிகோனை வழக்கமான 10க்கு 1 விகிதத்தில் கலக்கி, வெற்றிடத்தில் குமிழ் போகும்வரை வைத்து, லென்ஸின்மேல் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றினேன். அடுப்பைப் பொதுவாக 65, 70 டிகிரியில் வைப்பார்கள். இங்கே அது வேண்டாம். மெல்லிய அக்ரிலிக் தகடு சூட்டில் வளையும், வளைந்தால் படிகளின் தரை மட்டமும் போச்சு. அறை வெப்பநிலையில் இரண்டு நாள் விட்டால் தானாகவே இறுகிவிடும், அதுவே நல்லது. மறுவார்ப்புக்கு, முதல் வார்ப்பின் முகத்தைப் பிளாஸ்மாவில் (மின்னேறிய வாயுவில்) காட்டிவிட்டு, ஒட்டவிடாத பூச்சாகப் படிகிற ஃப்ளூரோசிலேன் ஆவியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் சிலிகோன்மேல் சிலிகோன் ஒட்டிக்கொண்டு இரண்டும் பிரியாது.

வார்ப்பைக் குறுக்காக மெல்லியதாக வெட்டி, பக்கவாட்டில் படுக்கவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். கணக்கு சொல்கிற படி வேறு, உண்மையில் இருக்கிற படி வேறு. பிளாஸ்டிக் லென்ஸ் அச்சிலிருந்து பிரிந்து வருவதற்காகச் செங்குத்துச் சுவருக்குக் கொஞ்சம் சாய்வு கொடுத்திருப்பார்கள், முனைகளும் கூர்மையாக இருக்காது, மழுங்கியிருக்கும். 10 மைக்ரான் படியில் இந்த மழுக்கம் பெரிதாகத் தெரியாது. 2 மைக்ரான் படியில் படி என்று சொல்லவே முடியாது, ஒரு மேடு, அவ்வளவுதான். என் வார்ப்பில் மையத்திலிருந்து 3 மில்லிமீட்டருக்குள் இருப்பதை வேலைக்கு ஆகாத இடம் என்று ஒதுக்கிவிட்டேன்.

அடுத்தது பாக்டீரியா. கே-12 வம்சத்தைச் சேர்ந்த, நோய் உண்டாக்காத, நன்றாக நீந்துகிற ஆய்வகத் திரிபு. எங்கிருந்தோ எடுத்த தண்ணீரில் வளர்ந்ததை வைத்து இதைச் செய்யலாமா என்றால், வேண்டாம். என்ன வளர்கிறது என்று தெரியாத ஒன்றை மில்லிலிட்டருக்குக் கோடிக்கணக்கில் பெருக்கிக் கையில் வைத்திருப்பது தேவையில்லாத வேலை.

நீந்துகிற ஈ. கோலை வேண்டுமென்றால் வளர்க்கிற விதமே கொஞ்சம் வேறு. 37 டிகிரியில் வளர்த்தால் வேகமாக வளரும், ஆனால் நீந்த உதவுகிற வால் போன்ற கசையிழை குறைவு. 30 டிகிரிதான் சரி. ஊடகத்தில் குளுக்கோஸ் இருக்கக் கூடாது, இனிப்பு கிடைத்தால் கசையிழை கட்டும் வேலையைக் குறைத்துவிடும். டிரிப்டோன் 1 சதவீதம், உப்பு 0.5 சதவீதம், அவ்வளவு போதும். இரவு முழுக்க வளர்ந்ததை நேரடியாகப் பயன்படுத்தாமல், அதில் கொஞ்சம் எடுத்துப் புது ஊடகத்தில் நூறு மடங்கு நீர்க்கவைத்து, ஒளியடர்த்தி (கலங்கலின் அளவு) 0.5 பக்கம் வரும்போது எடுத்தால் பெரும்பாலானவை நீந்தும். அதற்குமேல் விட்டால் கூட்டம் பெருகும், ஆனால் பாதி சும்மா மிதக்கும்.

எடுத்த பிறகு கையாள்வதில்தான் பலர் கெடுப்பார்கள். கசையிழை என்பது 20 நானோமீட்டர் தடிமனுள்ள சுருள், வேகமான உறிஞ்சலில் அறுந்துவிடும். அதனால் பிப்பெட் முனையைக் கத்தரித்து வாய் அகலமாக்கிக்கொள்ள வேண்டும், மையவிலக்கியை மெதுவாகச் சுற்ற வேண்டும், அடியில் படிந்ததைக் குலுக்கிக் கலைக்காமல் பஃபர் ஊற்றித் தானாகக் கலைய விட வேண்டும். நீந்துவதற்கான பஃபரில் பாஸ்பேட், உப்பு, சிட்டிகையளவு இ.டி.டி.ஏ., சக்தி மூலமாகச் சோடியம் லாக்டேட். இதில் வளர்ச்சி நின்றுவிடும், நீச்சல் மட்டும் மணிக்கணக்கில் தொடரும். நமக்கு வேண்டியதும் அதுதான், சோதனை நடுவில் கூட்டம் இரட்டிப்பானால் எந்த அளவீடும் நிற்காது.

படிகளுக்குப் போகும்முன் வெறும் கண்ணாடியில் மணியும் பாக்டீரியாவும் எப்படிப் பழகுகின்றன என்று பார்த்துவிடுவது நல்லது. இரண்டு தொல்லைகள் உடனே தெரியும். ஒன்று, மணிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பாக்டீரியாவும் மணியில் ஒட்டும். மேற்பரப்புகளை எல்லாம் முன்கூட்டியே புரதக் கரைசலிலோ (மாட்டு சீரம் ஆல்புமின்) புளூரானிக் என்ற பாலிமர் கரைசலிலோ ஊறவைத்தால் இது பெருமளவு குறையும். மணிகளையும் தனியாகக் கழுவி ஊறவைக்க வேண்டும், புட்டியில் வருகிற பாதுகாப்பு மருந்து சில சமயம் பாக்டீரியாவைக் கொல்லும். இரண்டு, ஆக்சிஜன். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அடைத்து வைத்த அடர்த்தியான கூட்டம் சில நிமிடங்களில் மூச்சை முடித்துவிடும். ஓரத்தில் காற்றுக் குமிழ் இருந்தால் அதைச் சுற்றி மட்டும் சுறுசுறுப்பு, மற்ற இடமெல்லாம் அமைதி. குமிழை நோக்கிப் பாக்டீரியாக்கள் திரள்வது பார்க்க நன்றாக இருக்கும், சோதனைக்கு நாசம். சிலிகோன் இங்கேதான் கைகொடுக்கிறது, ஆக்சிஜன் அதற்குள் சுலபமாக ஊடுருவும், 3 மில்லிமீட்டர் பாளம் தானே ஒரு சின்ன ஆக்சிஜன் கிடங்கு. அடிப்பக்கத்தைக் கண்ணாடிமேல் வைத்து அடைக்காமல், வளையத்தின்மேல் தூக்கி வைத்துக் காற்றுப் பட விட்டேன். கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது.

வெறும் தரையில் மணியின் அசைவை அளந்துகொள்வதும் முக்கியம். வீடியோ எடுத்து, இமேஜ்ஜே மென்பொருளில் ட்ராக்மேட் வைத்துத் தடம் எடுத்தேன். பாக்டீரியா இல்லாதபோது அறை வெப்பநிலையில் 5 மைக்ரான் மணியின் விரவல் எண் (அலைந்து பரவும் வேகத்தின் அளவு) நொடிக்கு 0.09 சதுர மைக்ரான் பக்கம் இருக்க வேண்டும், தரையோடு உரசிக்கொண்டிருப்பதால் அதைவிடக் குறைவாகவே வரும். மில்லிலிட்டருக்கு ஆயிரம் கோடி என்ற அளவில் பாக்டீரியா சேர்த்தால் இது பல பத்து மடங்கு ஏறிவிடுகிறது. இடப்பெயர்ச்சியின் வர்க்கத்தை நேரத்துக்கு எதிராக மடக்கை வரைபடத்தில் போட்டால், குறுகிய நேரத்தில் கோட்டின் சாய்வு 1க்கும் 2க்கும் இடையில், அதாவது தள்ளப்பட்ட திசையிலேயே கொஞ்ச தூரம் போகிறது. ஓரிரு நொடிக்குப் பிறகு சாய்வு 1க்கு இறங்கிச் சாதாரண அலைச்சலாகிவிடுகிறது. வூவும் லிப்ஷாபரும் கண்ட அதே வடிவம். இது வராமல் கோடு நேரே 2ஐ நோக்கிப் போனால் எங்கோ நீரோட்டம் இருக்கிறது என்று அர்த்தம், சொட்டை அடைத்து வைத்த சிற்றறையின் ஓரங்களை மறுபடி அடைக்க வேண்டியதுதான்.

இனி எடைக் கணக்கு, ஏனென்றால் மொத்தப் பிரிப்பும் இதில்தான் இருக்கிறது. பாலிஸ்டைரீன் தண்ணீரைவிட 5 சதவீதம்தான் கனம். தண்ணீருக்குள் 5 மைக்ரான் மணியின் நிகர எடை 0.03 பிக்கோநியூட்டன் (ஒரு பிக்கோநியூட்டன் என்பது நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). 10 மைக்ரானுக்கு அது எட்டு மடங்கு, 0.26. 2 மைக்ரானுக்கு வெறும் 0.002. ஒரு ஈ. கோலையின் தள்ளுவிசை அரை பிக்கோநியூட்டன் பக்கம். வெப்ப அசைவு மட்டும் இருந்தால் 5 மைக்ரான் மணி தரையிலிருந்து 0.13 மைக்ரான் அளவுக்குத்தான் எழும்பும், 2 மைக்ரான் மணியோ 2 மைக்ரான் உயரத்துக்கு எழும்பும். 4 மைக்ரான் படி என்பது சின்ன மணிக்கு ஒரு பொருட்டே இல்லை, நடு மணிக்கு வெப்பத்தால் தாண்ட முடியாத மலை.

பாக்டீரியாவின் தள்ளல் வந்ததும் படத்தின் இன்னொரு பக்கம் திறக்கிறது. தரையில் கிடக்கும் மணியைப் பாக்டீரியா பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தள்ளும். 4 மைக்ரான் படியின் விளிம்பு 5 மைக்ரான் மணியின் மையத்தைவிட மேலே இருக்கிறது (மணியின் ஆரம் 2.5). பக்கவாட்டில் எவ்வளவு தள்ளினாலும் சுவரோடு அழுந்துமே தவிர ஏறாது. அதே மணி 2 மைக்ரான் படியில் இருந்தால், விளிம்பு மையத்துக்குக் கீழே, நெம்புகோல் கிடைத்துவிடுகிறது. எடையைப் போல 5 மடங்கு, அதாவது 0.16 பிக்கோநியூட்டன் போதும், ஒற்றைப் பாக்டீரியாவே தூக்கிப் போட்டுவிடும். ஆக, படி மணியின் ஆரத்தைவிடத் தாராளமாக உயரமாக இருக்கும் இடத்தில்தான் அது ஒருவழிப் பாதை. சரிவுப் பக்கத்திலோ பாதை எப்போதும் திறந்திருக்கிறது, 4 சதவீதச் சரிவில் எடையின் 4 சதவீதத்தைச் சுமந்தால் போதும்.

சிற்றறையைப் பூட்டுகிற வரிசை: வார்ப்பைப் பிளாஸ்மாவில் காட்டி, உடனே புரதக் கரைசலில் மூழ்கவைத்து, அப்படியே வெற்றிடத்தில் வைத்து வரிகளுக்குள் சிக்கிய காற்றை எடுக்க வேண்டும். சிலிகோன் தண்ணீரை வெறுக்கும், இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு படியடியிலும் நூல் மாதிரி காற்று தங்கும். அப்புறம் 100 மைக்ரான் இருபக்க ஒட்டுநாடாவைச் சுற்றுச்சுவராக வைத்து, கலவையை விட்டு, மேலே கவர் ஸ்லிப், ஓரங்களில் மெழுகு. மேலிருந்து பார்க்கும் நுண்ணோக்கிதான் வசதி. கீழிருந்து பார்த்தால் ஒளி சரிவுகளின் ஊடாக வந்து ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் விலகும், மணி தாண்டியதா படம் தாண்டியதா என்று குழப்பம் வரும். மூன்று அளவு மணிகளையும் வெவ்வேறு நிறத்தில் ஒளிரும்படி வாங்கிவைத்தது பெரிய நிம்மதி.

மேடையின் மட்டம் பற்றி ஒரு வார்த்தை. 4 மில்லிமீட்டர் தூரத்தில் சரிவு 2.3 டிகிரிதான். நுண்ணோக்கி மேடை 1 டிகிரி சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் சரிவு பாதியாகும், எதிர்ப்பக்கம் ஒன்றரை மடங்காகும். குமிழி மட்டம் வைத்துச் சரிபார்த்துவிட்டு, நாலு திசையிலும் தனித்தனியாக எண்ணினேன்.

10 மைக்ரான் மணி ஒரு நிமிடத்துக்குள் தரைக்கு வந்துவிடும், 5 மைக்ரான் இரண்டரை நிமிடத்தில். வந்ததும் முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரிதான் இருக்கும். எல்லாம் கூட்டத்தில் தோளிடிபடுகிற ஆள் மாதிரி அங்கும் இங்கும் ஆடும். ஒரு மணியை மட்டும் தொடர்ந்து பார்த்தால்தான் புரியும். சரிவின் நடுவில் இருக்கும் 5 மைக்ரான் மணி ஒன்று: கீழ்ப்பக்கத்திலிருந்து வந்த ஒரு பாக்டீரியா மோதி ஒட்டாமல் உரசி, அரை நொடி தள்ளிக்கொண்டு போய்ப் பிறகு வழுக்கி விலகுகிறது. தள்ளல் நின்ற கணமே மணியும் நின்றுவிடுகிறது, இந்த அளவில் உந்தம் என்று ஒன்றே இல்லை. அடுத்த இடி மேலிருந்து, வந்த தூரத்தில் பாதி போச்சு. இடிகளுக்கு நடுவில் எடை அதைக் கீழே இழுக்கிறதா என்றால் இழுக்கிறது, ஆனால் நொடிக்கு 0.03 மைக்ரான் கூடக் கிடையாது, கண்ணுக்கே தெரியாது. இப்படியே முன்னே போய்ப் பின்னே வந்து, உச்சிக்கு வந்த மணி, விளிம்பைத் தாண்டியதும் நிறம் மங்குகிறது, அதாவது குவியத்திலிருந்து இறங்கிவிட்டது. சுவரடியில் விழுந்ததைப் பாக்டீரியாக்கள் திரும்பச் சுவரோடு அழுத்துகின்றன. சுவர் மூலைகளில் பாக்டீரியா சேர்வது அவற்றின் இயல்பு, அதனால் அங்கே இடி அதிகம், ஆனால் எல்லாமே பக்கவாட்டு இடி. மணி ஆடுகிறது, சுவரோடு உருண்டு வட்டத்தின் போக்கில் நகர்கிறது, மேலே ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த சரிவில் ஏறத் தொடங்குகிறது.

வேகம்? மெதுவு. ஒரு வரியைக் கடக்கப் பத்து நிமிடம் அளவில் ஆகிறது, கணக்கும் அதைத்தான் சொல்கிறது, அலைந்து போகிறவனுக்கு நேரம் தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். ஒரு மணி நேரத்தில் மணிகள் நாலைந்து வரி நகர்ந்திருக்கும், அதற்குள் பாக்டீரியா சோர்ந்துவிடும். மொத்தமாக ஒரு மூலையில் குவிந்த மணி மலையைப் படம் பிடிக்கலாம் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் எத்தனை மணி என்று ஆரம்பத்திலும் முடிவிலும் எண்ணி, வரைபடம் போட்டால்தான் நகர்வு தெரியும். முதல் வார்ப்பில் 5 மைக்ரான் மணிகளின் பரவல் வெளிப்பக்கமாகவும், மறுவார்ப்பில் உள்பக்கமாகவும் நகர்ந்தது, நாலு திசையிலும். மறுவார்ப்பில் உள்ளே வந்தவை 3 மில்லிமீட்டர் தாண்டியதும் திசை இழந்துவிட்டன, அங்கே படிகள் தாழ்வு, முனை மழுக்கம் வேறு, இரண்டு பக்கமும் தாண்டிப் போயின.

2 மைக்ரான் மணிகள் எதிர்பார்த்தபடியே எதையும் மதிக்கவில்லை. பாக்டீரியா கிளறுகிற திரவத்தில் அவை தரைக்கே ஒழுங்காக வருவதில்லை, அறை முழுக்க மிதக்கின்றன, கீழே படி இருப்பதே அவற்றுக்குத் தெரியாது.

10 மைக்ரான்தான் சுவாரசியம். அதன் ஆரம் 5 என்பதால் 6 மில்லிமீட்டருக்கு வெளியே உள்ள படிகள்தான் அதற்குத் தடுப்பு. அங்கே ஒரு படி ஏற அது செலவழிக்க வேண்டிய ஆற்றல், நடு மணி 4 மைக்ரான் ஏறச் செலவழிப்பதைவிட 12 மடங்கு. சரிவின் கால்வாசி ஏறுகிறது, சறுக்குகிறது, மறுபடி ஏறுகிறது. உச்சியைத் தொட்டவை அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஆக ஒரே தரையில் மூன்று விதி: சின்னது மிதக்கிறது, நடு நகர்கிறது, பெரியது தங்குகிறது. நடு அளவை மட்டும் பிரித்தெடுப்பது சல்லடையால் ஒரே முறையில் ஆகாத காரியம், அதற்கு இரண்டு சல்லடை வேண்டும். மெதுவாக இருந்தாலும் இந்த முறையை விடாமல் பிடித்திருப்பதற்கு அதுதான் காரணம்.

கட்டுப்பாட்டுச் சோதனைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதே பாக்டீரியாவை மெல்லிய ஊசி வழியாகத் திரும்பத் திரும்ப அழுத்தி விட்டால் கசையிழைகள் அறுந்துவிடும், உடல் அப்படியே இருக்கும், உயிரும் இருக்கும், நீச்சல் மட்டும் போகும். அந்தக் கூட்டத்தோடு மணிகள் படியடியில் மெதுவாக வந்து படிந்தன, ஒரு 5 மைக்ரான் மணி கூடப் படி தாண்டவில்லை. வெந்நீரில் கொன்ற பாக்டீரியாவைவிட இது நேர்மையான ஒப்பீடு, சூட்டில் செத்தவை கட்டி கட்டியாகச் சேர்ந்து மணியையும் பிடித்துக்கொள்ளும்.

முடித்த அறைகளை எல்லாம் ப்ளீச்சில் ஊறவைத்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். வார்ப்பைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் சில தடவைக்குப் பிறகு படியடியில் மெல்லிய படலம் தங்கிவிடுகிறது, அதில் மணி ஒட்டும். சிலிகோனை மறுபடி வார்ப்பதே சுலபம், லென்ஸ் தேயாது.

இப்போது இரண்டு விஷயங்கள் மேசையில் இருக்கின்றன. ஒன்று, 0.05 மில்லிமீட்டர் வரியுள்ள லென்ஸ். வரி பாதியானால் நேரம் கால்வாசி, ஆனால் அதே உயரப் படிக்கு மையத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போக வேண்டும், சரிவும் இரட்டிப்பு. இன்னொன்று பெர்கால், பாக்டீரியாவின் நீச்சலைக் கெடுக்காமல் திரவத்தின் அடர்த்தியை ஏற்றுகிற சிலிக்காக் கூழ்மம். திரவத்தை 1.04க்குக் கொண்டுவந்தால் பாலிஸ்டைரீனின் நிகர எடை ஐந்தில் ஒன்றாகிவிடும், அப்போது 10 மைக்ரான் மணி ஏறத்தாழ இன்றைய 6 மைக்ரான் மணியின் எடைக்கு வந்து நிற்கும். ஆரம் மாறாததால் 6 மைக்ரான் படி அதற்கு அதே தடுப்புத்தான், சரிவு மட்டும் லேசாகிவிடும். 5 மைக்ரான் மணி அப்போது கிளறலில் மிதக்கத் தொடங்குமா, இல்லை தரையிலேயே இருக்குமா என்பதைப் பார்க்க 1.02, 1.03, 1.04 என்று மூன்று கலவை போட்டு வைத்திருக்கிறேன். முதலில் 1.02.